கப்பல் கேள்விக்கு விடை, தோட்டத்துக்கு மரத்தளம்: பிரிட்டனின் பரிசுப் போட்டிகளில் முதன்முறை பங்கேற்பவர்களுக்கு

வசந்த காலம் நெருங்கும்போது பிரிட்டனில் தோட்டக்கலை இதழ்களும் மர வியாபாரிகளும் வீட்டு மேம்பாட்டுப் பொருள்களை விற்கும் நிறுவனங்களும் பரிசுப் போட்டிகளை அறிவிப்பது வழக்கம். கொல்லைப்புறத் தோட்டத்தில் பலகை பாவி அமைக்கும் தளத்தை இங்கே டெக்கிங் என்கிறார்கள். கப்பலின் மேல்தளமும் டெக் என்றே அழைக்கப்படுவதால், டெக்கிங்கைப் பரிசாகத் தரும் போட்டியில் கப்பலைப் பற்றிக் கேள்வி கேட்கப்படுவதில் வியப்பில்லை. ஒரு கேள்வி, மூன்று விடைகள், பெயரும் முகவரியும் எழுத ஒரு படிவம் என்று பார்வைக்கு ஐந்து நிமிட வேலையாகவே அது தோன்றும். ஆனால் கேள்வியை அவசரமாகப் படிப்பவர் விடையில் தவறுகிறார். விதிமுறைகளைப் படிக்காதவர் வென்ற பிறகு திணறுகிறார். பிரிட்டனுக்கு அண்மையில் குடிவந்து, தோட்டமுள்ள வீடொன்றில் வசித்து, இத்தகைய போட்டியில் முதன்முறையாகப் பங்கேற்க விரும்பும் தமிழர்களை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

முதற்படி: தோட்டத்தைப் பாருங்கள்

விடையைத் தேடுவதற்கு முன்னால், பரிசு கிடைத்தால் அதை உங்களால் பயன்படுத்த முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டு உரிமையாளரின் எழுத்துமூல ஒப்புதலைப் பெறாமல் தளம் அமைக்கக் கூடாது. இங்கிலாந்தில் தனிக் குடும்ப வீட்டின் தோட்டத்தில், தரையிலிருந்து 30 செ.மீ.க்கு மேல் உயராமலும், பின்னர் சேர்த்துக் கட்டிய பிற கட்டடங்களோடு கூட்டிப் பார்த்தால் தோட்டப் பரப்பில் பாதியைத் தாண்டாமலும் அமைக்கப்படும் தளத்துக்குப் பொதுவாகத் திட்ட அனுமதி தேவைப்படுவதில்லை. இந்தச் சலுகை அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குப் பொருந்தாது. பாரம்பரியச் சின்னமாகப் பட்டியலிடப்பட்ட வீடுகளில் வசிப்பவர்களும், ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய பகுதிகளில் இருப்பவர்களும் தத்தம் உள்ளூர் கவுன்சிலிடம் கேட்டுக்கொள்வதே முறை.

இரண்டாம் படி: போட்டியின் வகையை அறிந்துகொள்ளுங்கள்

கிரேட் பிரிட்டனில் 2005ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் இலவசக் குலுக்கல், அறிவுப் போட்டி, லாட்டரி ஆகிய மூன்றையும் வேறுபடுத்திப் பார்க்கிறது. கலந்துகொள்ளக் கட்டணம் எதுவும் இல்லை என்றால், கேள்வி எவ்வளவு எளிதாக இருந்தாலும் சட்டச் சிக்கல் இல்லை. சரியான விடை எழுதியவர்களின் பெயர்களைப் போட்டுக் குலுக்கி ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம். சாதாரண அஞ்சல் தலைக்கான செலவு கட்டணமாகக் கருதப்படாது. ஒரு பொருளை அதன் வழக்கமான விலைக்கு வாங்கச் சொல்வதும் அப்படியே. கட்டணம் வாங்கிக்கொண்டு நடத்தினால்தான் நிலைமை மாறுகிறது. அப்போது, கணிசமான பேரைக் கலந்துகொள்ளவிடாமலோ வெல்லவிடாமலோ தடுக்கும் அளவுக்குக் கேள்வி கடினமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால், அஞ்சல் போன்ற இலவச நுழைவு வழி ஒன்றையும் சம வாய்ப்போடு தர வேண்டும்.

இதை நீங்கள் தெரிந்துவைத்திருப்பதில் நேரடிப் பயன் உண்டு. டைட்டானிக் எதில் மோதி மூழ்கியது என்று கேட்டுவிட்டு, விடையோடு 2 பவுண்டு செலுத்தச் சொல்லும் அறிவிப்பைக் கண்டால், இலவச நுழைவு வழி எங்கே சொல்லப்பட்டிருக்கிறது என்று தேடுங்கள். எங்கும் இல்லையென்றால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். 09 எனத் தொடங்கும் தொலைபேசி எண்களில் விடை சொல்லச் சொல்லும் போட்டிகளும் கட்டணப் போட்டிகளே. அந்த அழைப்புகளுக்கு விலை அதிகம்.

விளம்பரத் தர நிர்ணய ஆணையம் நடைமுறைப்படுத்தும் விதித்தொகுப்பின்படி, நடத்துபவரின் பெயரும் முகவரியும், இறுதி நாளும், யார் கலந்துகொள்ளலாம் என்ற வரம்பும், பரிசின் தன்மையும் அறிவிப்பில் தெளிவாக இருக்க வேண்டும். தவிர்க்க முடியாத காரணமின்றி இறுதி நாளைத் தள்ளிப்போடக் கூடாது. இவற்றில் ஒன்று குறைந்தாலும் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

மூன்றாம் படி: கேள்வியைச் சொல் சொல்லாகப் படியுங்கள்

கப்பல் கேள்விகளில் ஏமாற்றம் பெரும்பாலும் அறியாமையால் வருவதில்லை. பாதி அறிந்ததால் வருகிறது. ஒரு மனிதருக்குப் பிறந்த ஆண்டு ஒன்றுதான். கப்பலுக்கோ அடிக்கட்டை நாட்டிய ஆண்டு, நீரில் இறக்கிய ஆண்டு, பணியில் சேர்த்த ஆண்டு, முதல் பயணம் புறப்பட்ட ஆண்டு எனப் பல உண்டு. டைட்டானிக்கின் அடிக்கட்டை 1909 மார்ச்சில் நாட்டப்பட்டது. கப்பல் 1911 மே 31 அன்று நீரில் இறக்கப்பட்டது. 1912 ஏப்ரல் 10 அன்று முதல் பயணம் புறப்பட்டு, 15ஆம் தேதி அதிகாலையில் மூழ்கியது. “டைட்டானிக் எந்த ஆண்டில் நீரில் இறக்கப்பட்டது?” என்ற கேள்வியின் கீழே 1911, 1912 இரண்டும் விடைகளாகத் தரப்பட்டிருந்தால், திரைப்படம் பார்த்தவர்கள் யோசிக்காமல் 1912ஐக் குறிப்பார்கள். அதே போல, இசம்பார்ட் பிரூனெல் வடிவமைத்த எஸ்எஸ் கிரேட் பிரிட்டன் பிரிஸ்டலில் 1843இல் நீரில் இறங்கியது. அட்லாண்டிக்கைக் கடக்கும் முதல் பயணத்தை லிவர்பூலிலிருந்து 1845இல்தான் தொடங்கியது. குயின் எலிசபெத் 2 கப்பலுக்கு இந்த இரண்டு ஆண்டுகளும் முறையே 1967, 1969.

ஊர்ப்பெயர்களிலும் இதே கண்ணி இருக்கிறது. டைட்டானிக் கட்டப்பட்ட ஊர் பெல்ஃபாஸ்ட். அது பயணம் புறப்பட்ட துறைமுகம் சவுத்தாம்ப்டன். அதன் பின்புறத்தில் எழுதியிருந்த ஊரோ லிவர்பூல், ஏனெனில் அது பதிவு செய்யப்பட்டது அங்கேதான்; அந்த ஊருக்கு அது போனதே இல்லை. கட்டிய ஊரைக் கேட்கிறார்களா, பதிவூரைக் கேட்கிறார்களா என்பதைக் கவனிக்காதவருக்கு மூன்று விடைகளும் சரியாகவே தோன்றும். கட்டி சார்க் என்ற பழைய பாய்மரக் கப்பல் கிரீனிச்சில் நிற்கிறது என்பது லண்டனில் ஒரு முறை படகேறியவருக்கே தெரியும்; 1869இல் அது நீரில் இறக்கப்பட்ட இடம் ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டன் என்பது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது.

ஆனால் அதிகமானோரைக் கவிழ்ப்பது “மிகப் பழைய” என்ற அடைமொழிதான். இன்றும் கடற்படைப் பணிப் பட்டியலில் இருக்கும் போர்க்கப்பல்களில் உலகிலேயே மிகப் பழையது எது என்று கேட்டால், 1765இல் சாத்தம் நகரில் நீரில் இறக்கப்பட்ட எச்எம்எஸ் விக்டரி என்பது விடை. அது 1922 முதல் போர்ட்ஸ்மவுத்தின் உலர்துறையில் நிற்கிறது, அதாவது மிதக்கவில்லை. ஆகவே “பணியில் இருப்பதோடு இன்றும் மிதக்கும் மிகப் பழைய போர்க்கப்பல்” என்று ஒரு சொல் கூடினால், விடை அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1797இல் இறக்கப்பட்ட யுஎஸ்எஸ் கான்ஸ்டிடியூஷன் ஆகிவிடுகிறது. “இன்றும் மிதக்கும் மிகப் பழைய பிரிட்டிஷ் போர்க்கப்பல்” என்று கேட்டாலோ விடை எச்எம்எஸ் திரிங்கோமலி.

இந்தக் கடைசிக் கப்பலை நம்மவர்கள் மறக்க வாய்ப்பில்லை. திருகோணமலையின் பெயரைத் தாங்கிய இந்தப் போர்க்கப்பல் பம்பாயில் கப்பல் கட்டும் வாடியா குடும்பத்தாரின் மேற்பார்வையில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டு, 1817 அக்டோபரில் நீரில் இறக்கப்பட்டது. பிரிட்டனில் அப்போது ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு இருந்தது. இதைக் கட்டுவதற்கான வரைபடங்களை ஏற்றிவந்த எச்எம்எஸ் ஜாவா என்ற கப்பல், மேலே சொன்ன அதே கான்ஸ்டிடியூஷனிடம் 1812இல் சிக்கியதால், வரைபடங்களை மீண்டும் அனுப்ப வேண்டியதாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஃபௌட்ரோயன்ட் என்ற பெயரில் பயிற்சிக் கப்பலாக இருந்துவிட்டு, இப்போது இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஹார்ட்லிபூலில் பழைய பெயரோடு மிதக்கிறது. தேக்கு, கப்பல் தளம், தோட்டத் தளம் என்று இணைத்துக் கேள்வி எழுதுபவருக்கு இதைவிடப் பொருத்தமான கப்பல் கிடைப்பது அரிது என்பது என் எண்ணம்.

மரம் என்ற கோணத்தில் இன்னொரு செய்தியும் கேள்வியாக வரக்கூடும். லண்டன் லிபர்ட்டி கடையின் டியூடர் பாணிக் கட்டடம், எச்எம்எஸ் இம்ப்ரெக்னபிள், எச்எம்எஸ் ஹிந்துஸ்தான் என்ற இரண்டு பழைய போர்க்கப்பல்களை உடைத்தெடுத்த மரத்தால் 1924இல் கட்டப்பட்டது.

ஒரே பெயருள்ள கப்பல்களிலும் கவனம் வேண்டும். கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் 1967 முதல் நிற்பது குயின் மேரி. இன்னும் பயணிகளை ஏற்றிச் செல்வது குயின் மேரி 2. ஹாங்காங்கில் 1972இல் தீப்பிடித்து அழிந்தது முதல் குயின் எலிசபெத். துபாயில் விடுதியாக இருப்பது குயின் எலிசபெத் 2. கடலடியிலிருந்து தூக்கப்பட்ட இரண்டு கப்பல்களையும் குழப்பிக்கொள்வதுண்டு: ஸ்வீடனின் வாசா 1628இல் மூழ்கி 1961இல் வெளியே வந்தது; எட்டாம் ஹென்றியின் மேரி ரோஸ் 1545இல் மூழ்கி 1982இல் வந்தது.

கேள்வி ஒரு குறிப்பிட்ட கப்பலைப் பற்றி இல்லாமல் கப்பலின் பாகங்களைப் பற்றியும் இருக்கலாம். அணியத்தை, அதாவது கப்பலின் முன்முனையை, நோக்கி நிற்பவருக்கு இடப்புறம் போர்ட், அதற்குச் சிவப்பு விளக்கு. வலப்புறம் ஸ்டார்போர்டு, அதற்குப் பச்சை விளக்கு. பூப் டெக் பின்புறத்தில் இருப்பது. ஆர்லாப் என்பது பழைய போர்க்கப்பலின் மிகக் கீழான தளம். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். மணிக்கு ஒரு கடல் மைல் என்பதே ஒரு நாட். இவ்வளவு தெரிந்தால் இந்த வகைக் கேள்விகளில் பெரும்பாலானவற்றைக் கடந்துவிடலாம்.

விடையைச் சரிபார்க்கத் தேடுபொறியின் முதல் வரியை நம்ப வேண்டாம். “நீரில் இறக்கப்பட்டது”, “கட்டி முடிக்கப்பட்டது” என்ற வேறுபாட்டை அது அடிக்கடி கலைத்துவிடுகிறது. கப்பல் எந்த அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கிறதோ அதன் பக்கத்தைப் பாருங்கள். பிரிட்டனின் பழைய கப்பல்களுக்கென்று நேஷனல் ஹிஸ்டாரிக் ஷிப்ஸ் என்ற அமைப்பு பராமரிக்கும் பதிவேடும் பயன்படும்.

நான்காம் படி: படிவத்தை நிரப்புங்கள்

படிவத்தில் எழுதும் பெயர் உங்கள் அடையாள ஆவணத்தில் உள்ளபடியே இருக்கட்டும். தந்தை பெயரை முதலெழுத்தாக வைக்கும் நம் வழக்கம் இந்நாட்டுப் படிவங்களில் குழப்பத்தை உண்டாக்கும். எதைக் குடும்பப் பெயராக எழுதுவது என்பதை ஒரு முறை முடிவு செய்துகொண்டு எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள். ஒருவருக்கு ஒரு நுழைவா, ஒரு வீட்டுக்கு ஒரு நுழைவா என்று விதியில் பாருங்கள். வீட்டுக்கு ஒன்று என்றிருக்கும்போது கணவனும் மனைவியும் தனித்தனியாக அனுப்பினால் இரண்டும் தள்ளுபடியாகலாம். வயது வரம்பு பெரும்பாலும் 18. நடத்தும் நிறுவனத்தின் ஊழியர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் கலந்துகொள்ள முடியாது என்ற விதி ஏறக்குறைய எல்லாப் போட்டிகளிலும் உண்டு.

விளம்பர மின்னஞ்சல் அனுப்பச் சம்மதம் கேட்கும் கட்டத்தில் நீங்களாக விரும்பினால் ஒழியக் குறியிட வேண்டாம். போட்டிகளுக்கென்று தனி மின்னஞ்சல் முகவரி ஒன்றை வைத்துக்கொண்டால், வென்ற செய்தியும் தொலையாது, வங்கிக் கடிதங்களும் விளம்பரக் குவியலில் புதையாது. வங்கிக் கணக்கு விவரமோ தேசியக் காப்பீட்டு எண்ணோ கேட்கும் படிவம் போட்டிப் படிவமே அல்ல.

சில போட்டிகளில் விடையோடு “எங்கள் தோட்டத்துக்கு மரத்தளம் ஏன் தேவை” என்று குறிப்பிட்ட சொல் எண்ணிக்கைக்குள் ஒரு வாக்கியமும் எழுதச் சொல்வார்கள். அப்போது வெற்றி குலுக்கலில் இல்லை, நடுவர் கையில் இருக்கிறது. அந்த நடுவர் குழுவில் நிறுவனத்தைச் சாராத ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. நிறுவனத்தைப் புகழ்ந்து எழுதுவதைவிட, உங்கள் தோட்டத்தின் உண்மையான குறை ஒன்றை எழுதுவது நல்லது. மழைக்காலம் முழுவதும் சேறாகிக் கிடக்கும் பின்வாசல், சக்கர நாற்காலியில் வெளியே வர முடியாத பாட்டி போன்ற செய்திகள் நடுவரின் நினைவில் நிற்கும்.

ஐந்தாம் படி: வென்றதாகச் செய்தி வந்தால்

பரிசைப் பெறுவதற்கு முன்பணமோ, அனுப்பும் கட்டணமோ, வரியோ கேட்டால் அது மோசடி என்று கொள்ளுங்கள். போட்டிப் பரிசுகளுக்கு இந்நாட்டில் பொதுவாக வருமான வரி கிடையாது. சமூக ஊடகங்களில் நடக்கும் போட்டிகளில், நடத்தும் நிறுவனத்தின் பெயரையே ஓர் எழுத்து மட்டும் மாற்றி வைத்துக்கொண்டு, கருத்திட்ட எல்லோருக்கும் “நீங்கள் வென்றுவிட்டீர்கள்” என்று தனிச்செய்தி அனுப்புவோர் இருக்கிறார்கள். செய்தியில் உள்ள இணைப்பைத் தொடாமல், அறிவிப்பில் முதலில் பார்த்த முகவரிக்கு நீங்களே எழுதிக் கேளுங்கள். சந்தேகத்துக்குரிய குறுஞ்செய்தியை 7726 என்ற எண்ணுக்கு இலவசமாக அனுப்பிவைக்கலாம்.

செய்தி உண்மையானால், எத்தனை நாள்களுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று உடனே பாருங்கள். காலக்கெடு தவறினால் வேறொருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பெரும்பாலான நிறுவனங்கள் தம்மிடம் வைத்துக்கொள்கின்றன. ஊருக்குப் போயிருந்தேன் என்ற காரணம் எடுபடாது. முக்கியப் பரிசுகளை வென்றவர்களின் குடும்பப் பெயரையும் மாவட்டத்தையும் வெளியிடுவதோ கேட்பவருக்குத் தருவதோ வழக்கம். விருப்பமில்லை என்றால் மறுப்புத் தெரிவிக்கலாம். விதிகளில் வேறு விதமாகச் சொல்லப்படாவிட்டால், இறுதி நாளிலிருந்து 30 நாள்களுக்குள் பரிசு வந்து சேர வேண்டும்.

ஆறாம் படி: பலகைக் கணக்கு

“மரத்தளம் பரிசு” என்ற இரண்டு சொற்களுக்குள் எவ்வளவோ அடங்கியிருக்கலாம், அல்லது பலகையைத் தவிர எதுவுமே அடங்காமல் போகலாம். தளம் என்பது மேலே தெரியும் பலகை மட்டும் அன்று. பலகையைத் தாங்கும் சட்டங்கள், அவற்றை நிறுத்தும் கால்கள், திருகாணிகள், கீழே விரிக்கும் களைத்தடுப்புத் துணி, இவற்றையெல்லாம் பொருத்தும் கூலி எல்லாம் சேர்ந்ததே தளம். பரிசு பலகைகள் மட்டுமே என்றால் மீதியை நீங்கள்தான் வாங்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 3.6 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள தளம் அமைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், பரப்பு 10.8 சதுர மீட்டர். பலகையின் அகலம் 145 மி.மீ., இரண்டு பலகைகளுக்கு நடுவே 5 மி.மீ. இடைவெளி என்றால், ஒரு பலகை 150 மி.மீ. இடத்தை எடுத்துக்கொள்ளும். 3 மீட்டர் அகலத்துக்கு 3.6 மீட்டர் நீளப் பலகைகள் 20 வேண்டும். அறுப்பதில் வீணாவதற்கும் கோணிப்போனவற்றைக் கழிப்பதற்குமாக இன்னும் 2 சேர்த்துக்கொள்ளுங்கள். பலகைகளுக்குக் குறுக்கே 400 மி.மீ.க்கு ஒன்றாகச் சட்டங்களை வைத்தால், 3 மீட்டர் சட்டங்கள் 10 தேவைப்படும். பலகையும் சட்டமும் சந்திக்கும் ஒவ்வோர் இடத்திலும் இரண்டு திருகாணிகள் என்றால் மொத்தம் 400. பரிசில் பலகை மட்டும் இருந்தால், இந்த 10 சட்டங்களும் 400 திருகாணிகளும் கால்களும் உங்கள் செலவு.

மரத்தின் வகையையும் கேளுங்கள். அழுத்த முறையில் மருந்தேற்றிய பைன் போன்ற மென்மரம் விலை குறைவு. ஆனால் பாசி படிந்தால் வழுக்கும், ஆண்டுதோறும் கழுவி எண்ணெய் பூச வேண்டியிருக்கும். மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த காம்போசிட் பலகைக்கு அந்த வேலை குறைவு. ஆனால் அது எடை மிக்கது, வெயிலில் நன்றாகச் சூடேறும், சட்டங்களைப் பல சமயம் இன்னும் நெருக்கமாக வைக்க வேண்டிவரும். தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளியை மீறினால் உத்தரவாதம் செல்லாது. எந்த வகையானாலும், தளத்தின் மேற்பரப்பு வீட்டுச் சுவரின் ஈரத்தடுப்பு அடுக்குக்குக் குறைந்தது 150 மி.மீ. கீழே இருக்க வேண்டும். சுவரின் அடியில் உள்ள காற்றோட்டச் செங்கற்களை மறைக்கவும் கூடாது. இந்த இரண்டையும் பொருட்படுத்தாமல் அமைத்த அழகான தளம் வீட்டுக்குள் ஈரத்தைக் கொண்டுவந்துவிடும்.

நிறுவனமே வந்து பொருத்தித் தருவதாக இருந்தால், பழைய கல்தளத்தை அகற்றுவதும் தரையைச் சமன்செய்வதும் அதில் அடங்குமா என்பதை மின்னஞ்சலில் எழுதிக் கேட்டுப் பதிலைச் சேமித்துவையுங்கள். தொலைபேசியில் சொன்ன வாக்குறுதியைப் பின்னால் நிரூபிப்பது கடினம்.

ஏழாம் படி: லாரி வரும் நாள்

பலகைகள் வழக்கமாகச் சரக்குத் தட்டில் கட்டப்பட்டு லாரியில் வரும். ஓட்டுநர் அதை வீட்டு வாசலோரத் தெருவில் இறக்கிவிட்டுப் போவார்; தோட்டம் வரைக்கும் தூக்கிவருவது அவருடைய வேலை அன்று. பக்கவாட்டு வழி இல்லாத வரிசை வீடுகளில் பலகைகளை வீட்டுக்குள்ளாகத்தான் கொண்டுபோக வேண்டும் என்பதால், 3.6 மீட்டர் பலகை உங்கள் கூடத்தில் திரும்புமா என்று அளவு நாடாவை வைத்து முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். தெரு குறுகலாக இருந்தாலோ வாகனம் நிறுத்த அனுமதிச் சீட்டு தேவைப்பட்டாலோ, தேதியை உறுதிசெய்யும்போதே நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள். கையெழுத்திடும் முன் பலகைகளை எண்ணுங்கள். முனை பிளந்தவை, முறுக்கிக்கொண்டவை இருந்தால் படம் எடுத்து, ரசீதிலேயே குறைபாட்டை எழுதுங்கள். இறக்கிய பலகைகளைப் புல்லின் மேல் நேராகப் போடாமல், குறுக்குக் கட்டைகளின் மேல் சமமாக அடுக்கி, மழை படாமலும் காற்றோட்டம் தடைபடாமலும் மூடிவையுங்கள்.

சொன்ன காலத்துக்குள் பரிசு வராவிட்டால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் நினைவூட்டுங்கள். அதற்கும் பயனில்லை என்றால், போட்டி அறிவிப்பின் படத்தையும், வென்றதாக வந்த மின்னஞ்சலையும், நீங்கள் அனுப்பிய நினைவூட்டலையும் இணைத்து விளம்பரத் தர நிர்ணய ஆணையத்துக்கு முறையீடு அனுப்பலாம். அதற்குக் கட்டணம் இல்லை. அறிவிப்பு வெளியான அன்றே விதிமுறைப் பக்கத்தைச் சேமித்துவைக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். போட்டி முடிந்ததும் அந்தப் பக்கம் பெரும்பாலும் நீக்கப்பட்டுவிடும்.